புள்ளியியல் படித்தவர் நீதிமன்றங்களை ஆராய முடியுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: "எம்.எஸ்சி. புள்ளியியல் முடித்திருக்கிறேன், சட்டம் படித்ததில்லை. இ-கோர்ட்ஸ் தளத்தில் எங்கள் மாவட்ட வழக்கு விவரங்கள் கிடைக்கின்றன. எந்த நீதிமன்றம் தாமதம், எந்த நீதிபதி கடுமை என்று கணக்கிட்டு எழுதலாமா?" இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சட்டப் படிப்பு இல்லாமல் இந்த ஆராய்ச்சியில் இறங்கலாமா என்பது முதலாவது. தாராளமாக இறங்கலாம், இந்தத் துறையில் நல்ல வேலை செய்தவர்களில் பலர் பொருளாதாரம் படித்தவர்கள். அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை. இரண்டாவது கேள்வியை நீங்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை. தளத்தில் பதிவாகியிருப்பதும் நீதிமன்றத்தில் நடந்ததும் ஒன்றுதானா? அதற்குத்தான் இந்த நீண்ட பதில்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். காவிரிப் படுகையில் ஒரு சிறு நகரத்து நீதிமன்றங்களில் எட்டு ஆண்டுகள் வக்கீலாக இருந்தேன், பெரும்பாலும் சிவில் வழக்குகள். அதன் பிறகு பன்னிரண்டு ஆண்டுகளாக நீதிமன்றத் தரவுகளோடு மல்லுக்கட்டுவதே பிழைப்பு. ஆகவே சிவில் பக்கத்தைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். கிரிமினல் பக்கத்தை நான் பெரும்பாலும் காகிதத்தில் பார்த்தவன். அங்கே என் பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

இ-கோர்ட்ஸ் பதிவுகளைத் திரட்டிக் காட்டும் தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பு 2015இல் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் அதில் சேர்ந்தது 2023இல். கீழமை நீதிமன்றங்களில் மட்டும் நான்கு கோடிக்கும் மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருக்கின்றன என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அந்த எண் இங்கிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்ற பதினாறு இலக்க அடையாளம் உண்டு. மாநிலம், மாவட்டம், எந்த நீதிமன்ற வளாகம், வரிசை எண், ஆண்டு எல்லாம் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும். புள்ளியியல்காரருக்கு இதைப் பார்த்ததும் வாயில் எச்சில் ஊறும். எனக்கும் ஊறியது.

இந்தத் தரவில் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புபவை சில: வழக்கு தாக்கலான தேதி, வழக்கின் வகை, அடுத்த வாய்தா தேதி. இவை தவறாக இருந்தால் நீதிமன்றமே நடக்காது என்பதால் யாராவது ஒருவர் திருத்திவிடுவார். வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, ஏன் தாமதம், எந்தச் சட்டப்பிரிவு, எப்படி முடிந்தது என்பவற்றை நான் சந்தேகத்தோடுதான் தொடுவேன். தவறாக இருந்தாலும் அன்றாட வேலை நிற்காது. ஆகவே யாரும் திருத்துவதில்லை.

ஒரு பதிவு எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். காலை பத்தரைக்கு டவாலி வாசலில் நின்று பெயர்களைக் கூப்பிடுகிறார். அன்றைய பட்டியலில் எண்பது வழக்குகள். "வக்கீல் மேல்கோர்ட்டில் இருக்கிறார் ஐயா, ஒரு வாய்தா" என்று ஜூனியர் ஒருவர் எழுந்து சொல்கிறார். நீதிபதி நிமிராமலே தேதி சொல்ல, பெஞ்ச் கிளார்க் வழக்குக் கட்டின் மேல் பென்சிலால் குறித்துக்கொள்கிறார். உள்ளபடி விசாரணை நடப்பது நான்கைந்து வழக்குகளில்தான். மாலை ஐந்தரை மணிக்கு மேல் அந்த எண்பது கட்டுகளையும் அடுக்கி வைத்துக்கொண்டு ஒருவர் கணினியில் ஏற்றுகிறார். ஊருக்குக் கடைசி பஸ் ஏழு மணிக்கு. "கட்டம்" என்ற இடத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறதோ அதை அப்படியே விட்டுவிடுகிறார். "காரணம்" என்ற இடத்தில் பட்டியலில் முதலில் தெரிவதை அழுத்துகிறார். நான் பார்த்த ஒரு நீதிமன்றத்தில் ஆறு மாத காலத்துக்கு ஏறக்குறைய எல்லா வழக்குகளுக்கும் ஒரே காரணம் பதிவாகியிருந்தது. பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்து நேரில் போய்க் கேட்டேன். பழைய ஊழியர் மாறுதலாகிப் போய்விட்டார், புதிதாக வந்தவருக்கு அந்தப் பெட்டியில் வேறு தேர்வுகள் இருப்பதே தெரியாது. தரவுத் தொகுப்பில் தாமதத்துக்கு முதன்மைக் காரணமாக வக்கீல் வராததைக் காட்டும்போதெல்லாம் எனக்கு அந்தப் புது ஊழியரின் முகம்தான் நினைவுக்கு வரும். வக்கீல்கள் வருவதில்லை என்பது பொய்யல்ல, நானே எத்தனையோ நாள் போகாமல் இருந்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெட்டியை நிரப்புபவர் நீதிமன்ற ஊழியர் என்பதையும் மறக்கக்கூடாது. "நீதிபதி விடுப்பு" என்றோ "தட்டச்சர் இல்லை" என்றோ தன் வீட்டுக் குறையை எழுத யாருக்கும் கை வராது.

அடுத்து, "வழக்கு" என்ற சொல்லே வழுக்கும். பாகப்பிரிவினை வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அண்ணன் தம்பி மூவர், நஞ்சை நான்கு ஏக்கர், ஓட்டு வீடு ஒன்று. வக்கீல் பிராதை, அதாவது வழக்கு மனுவை, தாக்கல் செய்கிறார். இணைப்புப் பத்திரம் இல்லை, மதிப்பு சரியில்லை என்று அது இரண்டு மூன்று முறை திரும்பி வருகிறது. எண் கிடைக்கவே மாதங்கள் ஓடிவிடும். நீங்கள் தாக்கல் தேதியை எடுக்கிறீர்களா, பதிவுத் தேதியை எடுக்கிறீர்களா என்பதைப் பொறுத்து இந்த மாதங்கள் உங்கள் கணக்கில் இருக்கும் அல்லது இல்லாமலே போகும். எண் ஆனபின் பிரதிவாதி வரவில்லை, அவர் இல்லாமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு; தளத்தில் "முடிந்தது". ஓராண்டு கழித்து அவர் வந்து அந்தத் தீர்ப்பை நீக்கச் சொல்லி மனுப் போடுகிறார், வழக்குக்கு மீண்டும் உயிர் வருகிறது. விசாரணை நடந்து ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று முதல்நிலைத் தீர்ப்பாணை வருகிறது. வழக்காடிகள் வாயில் இது பிரிலிமினரி டிகிரி. தளத்தில் மறுபடியும் "முடிந்தது". ஆனால் நிலத்தில் ஒரு வரப்பும் நகரவில்லை. எந்தப் பக்கம் யாருக்கு என்று பிரிக்க இறுதித் தீர்ப்பாணைக்குத் தனி மனு, அதில் நீதிமன்றம் நியமிக்கும் வக்கீலான அட்வகேட் கமிஷனர், அவர் சர்வேயரோடு போய் அளக்க ஒரு வெயில் காலம். இதற்குள் மூத்தவர் இறந்து, அவர் வாரிசுகளைச் சேர்க்க இன்னொரு மனு. இறுதித் தீர்ப்பாணையும் வந்த பிறகு சுவாதீனம் எடுக்க நிறைவேற்று மனு, அதாவது இ.பி.; அதற்குப் புது எண், புது ஆண்டு. ஒரே குடும்பத்தின் ஒரே சண்டை உங்கள் அட்டவணையில் மூன்று நான்கு பதிவுகளாக, ஒவ்வொன்றும் நடுத்தர வேகத்தில் முடிந்ததாகத் தெரியும். தம்பிக்கு நிலம் கையில் வர இருபது ஆண்டுகள் ஆகியிருக்கும்.

இது நான் மட்டும் சொல்லும் குறையல்ல. முதல்நிலைத் தீர்ப்பாணை வந்ததும் வழக்கை மூடிவிடாமல் இறுதித் தீர்ப்பாணைக்கு நீதிமன்றமே தொடர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2009இலும் 2022இலும் சொல்லியிருக்கிறது. நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2021இல் சொன்னது. பிறகு 2025இல், 1980களிலேயே தீர்ப்பாணை கிடைத்தும் சொத்து கைக்கு வராத ஒரு தமிழ்நாட்டு வழக்கைப் பார்த்து நொந்து, நாடு முழுவதும் நிலுவையில் இருக்கும் நிறைவேற்று மனுக்களை எண்ணச் சொன்னது. எண்ணியபோது 8.8 லட்சத்துக்கும் மேல் வந்தது. தமிழ்நாட்டில் மட்டும் 86 ஆயிரத்தைத் தாண்டியது. தரவு ஆராய்ச்சி என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். சரியான பொருளை எண்ணச் சொன்ன ஒரே ஒரு உத்தரவு, ஆண்டுக்கணக்காக மறைந்திருந்த ஒரு குவியலை வெளியே கொண்டுவந்தது.

இனி, சராசரி. முடிந்த வழக்குகளை மட்டும் எடுத்து "சராசரியாக ஒரு வழக்குக்கு இத்தனை ஆண்டு" என்று எழுதாத செய்தித்தாள் இல்லை. நீங்கள் அதைச் செய்யாதீர்கள். முடியாமல் கிடக்கும் வழக்குகள்தானே நீளமானவை? அவை அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. இன்னொரு வேடிக்கை: கற்பனையாக இரண்டு நீதிமன்றங்களை வைத்துக்கொள்வோம். ஒன்றில் நீதிபதி இந்த ஆண்டு தாக்கலான எளிய வழக்குகள் நூறை முடித்தார். மற்றொன்றில் நீதிபதி இருபது ஆண்டுகளாகத் தூசி படிந்து கிடந்த கட்டுகளைத் தேடி எடுத்து முப்பதை முடித்தார். உங்கள் சராசரி முதலாமவரை மெச்சும், இரண்டாமவரை மந்தம் என்று சொல்லும். மருத்துவமனைத் தரவில் இன்னும் உயிரோடு இருக்கும் நோயாளிகளை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். காப்ளான்-மேயர் வளைகோடு அதற்குத்தானே. அதை அப்படியே இங்கே கொண்டுவாருங்கள். நிலுவை வழக்குதான் இங்கே உயிரோடு இருக்கும் நோயாளி. நம்மூரில் சட்டம் படித்தவர்களுக்கு இது தெரியாது. உங்களுக்குத் தெரியும் என்பதால்தான் சட்டப் படிப்பு இல்லாதது குறையல்ல என்றேன்.

பதிவேட்டில் திடீரென்று ஊசி போல எழும் எண்ணிக்கைகளையும் சந்தேகப்படுங்கள். ஒரு வட்டத்தில் புது நீதிமன்றம் திறந்தால் பழைய நீதிமன்றத்திலிருந்து நூற்றுக்கணக்கான கட்டுகள் மாற்றப்படும். பழைய இடத்தில் அவை பைசலானதுபோலத் தெரியலாம், புது இடத்தில் புது வழக்குகள்போலத் தெரியலாம். பேசித் தீர்த்துவைக்கும் தேசிய மக்கள் நீதிமன்றம் (லோக் அதாலத்) நடக்கும் சனிக்கிழமைகளில் வழக்குகள் கொத்தாக முடியும். அன்று வெளியாகும் பெரிய எண்ணிக்கையில், வழக்காகவே வராத வங்கிக் கடன் தகராறுகளும் சேர்ந்திருக்கும். அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நீதிபதிகளை ஒப்பிடுவதுதான் உங்கள் ஆசை என்று தெரிகிறது. அதில் எனக்குத் தயக்கம் அதிகம். ஒருவரிடம் செக் மோசடி வழக்குகள் குவிந்திருக்கும், மற்றவரிடம் கொலை வழக்குகள். செக் வழக்குகள் எவ்வளவு என்றால், நாட்டில் நிலுவையிலிருந்த 2.31 கோடி கிரிமினல் வழக்குகளில் 35 லட்சத்துக்கும் மேல் அவைதான் என்று 2021இல் உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டது. செக் வழக்கையும் கொலை வழக்கையும் ஒரே தராசில் வைக்க முடியாது. போதாக்குறைக்கு, கீழமை நீதிபதிகளின் வேலையை உயர் நீதிமன்றங்கள் யூனிட் கணக்கில் அளக்கின்றன: இந்த வகை வழக்குக்கு இத்தனை புள்ளி. மாதக் கடைசியில் எந்த வகை வழக்குகள் முடிகின்றன என்று பாருங்கள், யூனிட் கணக்கின் நிழல் தெரியும்.

இதில் உலகம் முழுக்கச் சுற்றிய ஒரு கதை உண்டு. இஸ்ரேலில் பரோல் மனுக்கள் மீதான ஆயிரத்துச் சொச்சம் முடிவுகளை எடுத்து 2011இல் ஓர் ஆய்வு வந்தது. நீதிபதி சாப்பிட்டுவிட்டு வந்ததும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மனுக்களுக்குச் சாதகம், அடுத்த இடைவேளை நெருங்க நெருங்க அது பூச்சியத்தை நோக்கிச் சரிவு. பசித்த நீதிபதி இரக்கமில்லாதவர் என்று உலகமே பேசியது. அதே ஆண்டில் மறுப்பும் வந்தது: மனுக்கள் தற்செயலாக வரிசையில் வருவதில்லை, வக்கீல் வைத்துக்கொள்ளாத கைதிகளின் மனுக்கள் பெரும்பாலும் இடைவேளைக்குச் சற்று முன்பு வருகின்றன, அவை எப்படியும் தோற்கும் வாய்ப்பு அதிகம். முதல் கதையைக் கேட்டவர்களில் பத்தில் ஒருவர் இரண்டாவதைக் கேட்டிருந்தால் அதிகம். என் கணிப்பில் பசிக்குக் கொஞ்சம் பங்கு இருக்கலாம், ஆனால் அவ்வளவு செங்குத்தான சரிவுக்கு அது போதாது. யார் கட்டு எப்போது கூப்பிடப்படுகிறது என்று அந்த நீதிமன்றத்தின் குமாஸ்தாவைக் கேட்டிருந்தால் ஒரே நாளில் விடை கிடைத்திருக்கும்.

ஒப்பீட்டைச் சரியாகச் செய்ய முடியாதா என்றால், முடியும். 2010 முதல் 2018 வரையிலான ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியக் கிரிமினல் வழக்குகளை வைத்து ஒரு குழு செய்தது. எந்த வழக்கு எந்த நீதிபதியிடம் போகிறது என்பது ஏறக்குறைய குலுக்கல் போல நடக்கும் இடங்களைப் பிடித்துக்கொண்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவரும் நீதிபதியும் ஒரே மதம், ஒரே பாலினம் என்றால் விடுதலை வாய்ப்புக் கூடுகிறதா என்று பார்த்தார்கள். பொதுவாகக் கூடவில்லை. ரம்ஜான் மாதத்தில் சிறு அளவிலும், இருவருக்கும் அரிதான ஒரே குடும்பப் பெயர் அமைந்தபோதும் கொஞ்சம் தெரிந்தது. நல்ல ஆய்வு, அதைத் திரும்பத் திரும்பப் படியுங்கள். ஆனால் குடும்பப் பெயரைச் சாதிக்குப் பதிலியாக வைத்த பகுதியை நம்மூருக்கு அப்படியே கொண்டுவர முடியாது. இங்கே பெயரின் மறுபாதி அப்பாவின் பெயர், அதுவும் பெரும்பாலும் ஒற்றை இனிஷியல். "முருகன், த/பெ கந்தசாமி" என்பதிலிருந்து கணினி எந்தச் சாதியைப் பிடிக்கும்? இன்னொன்று: அந்த ஆய்வு நீதிபதியின் அறையில் நடப்பதை மட்டுமே அளக்கிறது. யார் மீது எஃப்.ஐ.ஆர். போடப்பட்டது, யார் காவல் நிலையத்திலேயே பேசி அனுப்பப்பட்டார் என்பது அதற்கு முன்பே முடிந்துபோன கதை. ஆகவே நீதிமன்றத்தில் பாகுபாடு தெரியவில்லை என்பதை நீதியமைப்பிலேயே பாகுபாடு இல்லை என்று யாராவது எழுதினால் ஏற்காதீர்கள்.

கிரிமினல் பக்கம் ஒன்றிரண்டு எச்சரிக்கைகள் மட்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் எண்களில் ஒரு சம்பவத்தில் பல குற்றங்கள் இருந்தால் மிகக் கடுமையானது மட்டுமே எண்ணப்படும். கொலையோடு நடந்த திருட்டு திருட்டுக் கணக்கில் வராது. தண்டனை விகிதம் என்பது அந்த ஆண்டு விசாரணை முடிந்த வழக்குகளில் எத்தனை தண்டனையில் முடிந்தன என்பது; அந்த ஆண்டு பதிவானவற்றில் எத்தனை என்பதல்ல. சிறைக் கணக்கு இவற்றைவிட உறுதியானது, தலைகளை எண்ணுவது எளிது. 2022 கடைசியில் நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர். இதில் எந்தச் சூத்திரமும் தேவையில்லை.

பத்து லட்சம் மக்களுக்கு ஐம்பது நீதிபதிகள் என்ற கோஷத்தை எல்லாக் கட்டுரையிலும் பார்ப்பீர்கள். அது சட்ட ஆணையத்தின் 1987ஆம் ஆண்டு அறிக்கையிலிருந்து வருவது. அதே ஆணையம் 2014இல் தன் 245ஆவது அறிக்கையில், மக்கள்தொகையை வைத்து நீதிபதிகளின் தேவையைக் கணக்கிடுவது சரியல்ல, வழக்குகள் எந்த வேகத்தில் வருகின்றன, முடிகின்றன என்பதை வைத்தே கணக்கிட வேண்டும் என்றது. "தாமதம்", "தேக்கம்" என்ற சொற்களை ஒவ்வொரு உயர் நீதிமன்றமும் ஒவ்வொரு பொருளில் ஆள்கிறது என்றும் சலித்துக்கொண்டது. முதல் அறிக்கையை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், இரண்டாவதை ஏனோ யாரும் புரட்டுவதில்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் மாவட்டத்தையே அளக்கப் போகமாட்டேன். ஒரே ஒரு வகை வழக்கு, ஒரே ஒரு வளாகம். மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்கு, எம்.சி.ஓ.பி., தொடக்கத்துக்கு மிக நல்லது. விபத்து நாள் இருக்கிறது, தாக்கல் நாள் இருக்கிறது, கேட்ட தொகை, கொடுத்த தொகை, எதிரே பெரும்பாலும் ஒரு காப்பீட்டு நிறுவனம். வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் நீதிமன்றம் ஏறும் நிறுவனமும், வாழ்நாளில் ஒரே முறை ஏறும் விதவையும் எதிரெதிரே நிற்பதை எண்களில் பார்க்கலாம். இரண்டு வாரம் அந்த நீதிமன்றத்தின் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். திறந்த நீதிமன்றம், யாரும் தடுக்கமாட்டார்கள், கைப்பேசியை மட்டும் அணைத்துவிடுங்கள். தளத்திலிருந்து ஐம்பது வழக்குகளைக் குலுக்கி எடுத்து, தீர்ப்பு நகலோடு ஒவ்வொரு பதிவையும் ஒப்பிடுங்கள். தளத்தில் ஏறாத நகல் தேவைப்பட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுக் காத்திருக்காதீர்கள். நீதிமன்ற விதிகளின்படிதான் நகல் மனுப் போட வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. வழக்கில் சம்பந்தப்படாதவர் என்றால் எதற்குக் கேட்கிறீர்கள் என்று பிரமாணப் பத்திரமும் வைக்க வேண்டும். ஐம்பதில் எத்தனை பதிவுகள் தவறு என்று தெரிந்த பிறகுதான் மீதி ஐயாயிரத்தைத் தொட உங்களுக்கு உரிமை வரும்.

பெயர்களை வெளியிடாதீர்கள், சி.என்.ஆர். எண்ணையும் சேர்த்து மறையுங்கள். அந்த எண் இருந்தால் பெயர் ஒரு நிமிட வேலை. நீதிபதிகளின் பெயரை வைத்துத் தரவரிசை போடுவதைப் பிரான்ஸ் 2019இல் சட்டம் போட்டே குற்றமாக்கியது. இந்தியாவில் அப்படிச் சட்டம் இல்லை. ஆனால் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் இருக்கிறது. அதைவிட, மேலே சொன்ன காரணங்களால் உங்கள் தரவரிசை தவறாக இருக்கும் வாய்ப்பும் அதிகம்.

கடைசியாக, ஜூன் மாதத்தில் தொடங்குங்கள். எங்கள் குழுவில் சேர்ந்த ஓர் இளைஞர், கெட்டிக்காரர், உங்களைப் போலப் புள்ளியியல் படித்தவர். ஆண்டுதோறும் சிவில் வழக்குகள் முடிவது ஒரே ஒரு மாதத்தில் பள்ளத்தில் விழுவதைக் கண்டுபிடித்து, நிதியாண்டு முடிவு, ஊழியர் மாறுதல், அனல்காற்று என்று காரணம் தேடி மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். என் பழைய குமாஸ்தா அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மே மாசம் சிவில் கோர்ட்டு லீவு தம்பி."